மஞ்சள் மையிட்ட மீன்கள்

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் துறைத் தலைவர் இன்று பல் மருத்துவர்கள் மாநாட்டில் மீன்களைப் பற்றிப் பேசிவிட்டு வந்தார். போன மாதம் லிஃப்ட் தயாரிப்பாளர்கள் சங்கம். பல் பிடுங்குகிறவர்களுக்கு மீன் எதற்கு என்று அங்கே ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை போலும். சால்வை போர்த்தி அனுப்பியிருக்கிறார்கள். அதை மடிக்காமல் தோளிலேயே போட்டுக்கொண்டு ஆய்வுக்கூடத்தை இரண்டு முறை சுற்றிவந்தார்.

எனக்குள் அவருக்கு வைத்த பெயர் பேச்சாளர். பதினாறு வருடமாக அவருக்குக் கீழே வேலை. அவர் கை நனைந்து நான் பார்த்ததில்லை.

பேச்சு எப்போதும் ஒன்றுதான்: "பயந்த மீன் முதலில் சாகும், துணிந்த மீன் பிழைக்கும்." கட்டுரை வெளிவந்து மூன்று வாரம் ஆகிறது. செய்தித்தாள்காரர்கள் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பின்னால் இருக்கும் அறுபது சுற்று, நாலு கேமராவில் எடுத்த நாற்பது மணி நேர வீடியோ, அதை ஒவ்வொரு நொடியாகப் பார்த்துக் குறித்த என் கண் — இதெல்லாம் யாருக்கு வேண்டும்? கட்டுரையில் என் பெயர் நான்காவது. மூன்றாவது, வீடியோவை ஒரு முறைகூடப் பார்க்காத கணக்குப்புலி.

மார்ச் 5

சால்வை இன்னும் தோளில்.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா வீடு. செய்தித்தாளில் வந்த துண்டை வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். என் பெயர் அதில் இல்லை. "ஆராய்ச்சிக் குழுவினர்" என்று இருக்கிறதே, அதற்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருக்கிறாள்.

அத்தான் வழக்கம்போல எல்லாம் தெரிந்தவர். துணிச்சல்தான் வாழ்க்கை, மீனுக்கே தெரிந்திருக்கிறது பார் என்றார். முப்பது வருடமாக மேலதிகாரிக்கு எதிரே நாற்காலி நுனியில் உட்காரும் மனிதர். பக்கத்து வீட்டுக்காரரை வேறு கூப்பிட்டு என்னை விளக்கச் சொன்னார்.

விளக்கினேன். விரல் நீள வெள்ளி மீன்கள். கூட்டமாகத்தான் திரியும். ஒவ்வொன்றாக எடுத்துக் கதவு வைத்த ஒரு சின்னப் பெட்டிக்குள் விட்டுக் கதவைத் திறப்போம். சீக்கிரம் வெளியே வருவது துணிச்சல்காரன், உள்ளேயே பதுங்குவது பயந்தாங்கொள்ளி. அடையாளத்துக்காக முதுகுத் தோலுக்கடியில் ஒரு சொட்டு மை: துணிந்ததற்கு நீலம், பயந்ததற்கு மஞ்சள். பத்துப் பத்தாகச் சேர்த்து இருபதைப் பெரிய தொட்டியில் விட்டு, கூடவே வேட்டை மீனையும் விடுவோம். பத்து நிமிடம். பிறகு எண்ணுவோம். தின்னப்பட்ட நாலில் மூன்று மஞ்சள்.

"பாவம்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அந்த ஆராய்ச்சிக்கு இதுவரை வந்ததிலேயே அறிவுள்ள விமர்சனம் அதுதான்.

மார்ச் 16, திங்கள்

வாராந்தரக் கூட்டம். பேச்சாளர் அடுத்த திட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார் — துணிந்த மீனின் குஞ்சு துணிந்ததாக இருக்குமா? தலைகள் ஆடின. எங்கள் கூடத்தில் பன்னிரண்டு தலை. ஒன்று எந்தப் பக்கம் ஆடுகிறதோ மீதிப் பதினொன்றும் அரை நொடியில் அந்தப் பக்கம் ஆடும். அரை நொடி தாமதம்கூட மீன்களிடம் கிடையாது. அதனால் இவர்களை மீனோடு ஒப்பிட மாட்டேன். மீனுக்கு மரியாதை என்று ஒன்று இருக்கிறது.

அப்போது தொட்டியம்மா வந்தார். தொட்டிகளைக் கழுவி, தண்ணீர் மாற்றி, தீனி போடுகிற அம்மா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். வடிகட்டி மோட்டார் சத்தம் போடுகிறது, ஆள் அனுப்புங்கள் என்று சொல்ல வந்தவர், திரையில் இருந்த மஞ்சள்–நீலப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, மோட்டாரைப் பற்றிச் சொன்ன அதே குரலில் சொன்னார்:

"மஞ்ச போட்டதத்தான் மாப்பிள்ளை புடிக்குது. எது பயந்தது, எது பயப்படாததுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

மாப்பிள்ளை என்றால் வேட்டை மீன். நன்றாகத் தின்றுவிட்டு ஒரு மூலையில் அசையாமல் கிடக்கிறது, எல்லோரும் பயந்து பயந்து நடக்கிறார்கள் என்று அந்த அம்மா வைத்த பெயர்.

கூடமே சிரித்தது. பேச்சாளர் சிரித்தார், கணக்குப்புலி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பேச்சாளர், அம்மாவுக்கு ஒரு முனைவர் பட்டம் பார்சல் என்றார். இன்னும் சிரிப்பு.

நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன்.

மார்ச் 17

எரிச்சல். தண்ணீர் மாற்றுகிற அம்மா வந்து சொல்லும் அளவுக்கா நாங்கள் முட்டாள்கள்? மையின் நிறம் மீனின் நடத்தையை மாற்றாது என்று கட்டுரையிலேயே ஒரு வாக்கியம் இருக்கிறது.

அந்த வாக்கியத்துக்கு ஆதாரம் எது? — வேறு ஒரு கட்டுரை. அதற்கு? — இன்னொன்று. அதை எவராவது படித்திருப்பாரா? நான் படிக்கவில்லை.

மேலும், மீனின் நடத்தை மாறவில்லை என்றால் சரி. வேட்டை மீனின் கண்?

மார்ச் 20, வெள்ளி

நாற்பத்தொன்றாவது சுற்று.

பழைய வீடியோக்களை இன்று மறுபடி எடுத்தேன். குறிப்பேட்டில் நாற்பத்தொன்றுக்கு எதிரே ஒரு கோடு. "நீல மை தீர்ந்துவிட்டது, துணிந்தவற்றில் இரண்டுக்கு வாலருகே மஞ்சள் போடப்பட்டது. நிறம் தவறு. நீக்குக." கையெழுத்து என்னுடையது. தவறான நிறம் போட்ட சுற்று கணக்கில் சேரக்கூடாது, அதனால் நீக்கினேன். ஒழுங்காக வேலை செய்கிறவள் அப்படித்தான் செய்வாள். அன்று அதைப் பார்க்கக்கூட இல்லை.

இன்று பார்த்தேன். அந்த இரண்டும் துணிச்சல்காரர்கள், அதிலும் ஒன்று பெட்டியைத் திறந்த மறுகணமே வெளியே வந்த மீன். கூட்டம் வட்டமாகச் சுற்றுகிறது. வேட்டை மீன் நுழைகிறது. எல்லாம் ஒரே பக்கம் திரும்பும்போது வெள்ளி வெள்ளியாக மின்னுகிறது. அத்தனையில் ஒன்றைத் தனியாகக் குறிவைக்க என்னாலேயே முடியவில்லை. அதுதானே கூட்டத்தின் லாபம், எதைப் பிடிப்பதென்று பிடிக்க வருகிறவனுக்கே குழம்பிப் போவது. ஆனால் மஞ்சள் புள்ளி குழம்பவில்லை. கூட்டம் எப்படித் திரும்பினாலும் அது தனியாகத் தெரிகிறது. நீலம் அந்தக் கருத்த முதுகில் கரைந்துபோகிறது.

முதல் பாய்ச்சல்: அந்த இரண்டில் ஒன்று. மூன்றாவது பாய்ச்சல்: மற்றது.

எட்டு தடவை பார்த்தேன்.

மார்ச் 21

மஞ்சளைத் தேர்ந்தெடுத்தது யார் என்று பழைய கடிதங்களில் தேடினேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மின்னஞ்சல்: "பயந்தவை கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்வதால் வீடியோவில் கண்டுபிடிக்கச் சிரமம். அவற்றுக்கு மஞ்சள் போட்டால் எனக்குப் பார்க்க வசதியாக இருக்கும்."

எனக்குப் பார்க்க வசதியாக. அனுப்பியது நான்.

மார்ச் 24

கணக்குப்புலியிடம் சொன்னேன். எண்கள் சரியாக இருக்கின்றன என்றார். எண்கள் சரி, மீன்தான் தப்பு என்றேன். மீன் என் துறை அல்ல என்றார். வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள், கட்டுரைதான் வந்துவிட்டதே என்று ஆறுதல் வேறு. ஏதோ பிரசவம் முடிந்தவளிடம் பேசுகிற மாதிரி.

மார்ச் 26

பேச்சாளரிடம் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன், அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை. தேநீர் கொடுத்தார். நல்ல கேள்வி, மிக நல்ல கேள்வி என்றார். இரண்டு வருடம் கழித்து ஒரு தனிக் கட்டுரையில் கவனிக்கலாம் என்றார். எழுந்து வரும்போது, "நிறத்தைத் தேர்ந்தெடுத்தது நீங்கதானே?" என்று மெதுவாகக் கேட்டார். தெரிந்துகொண்டுதான் கேட்டார்.

ஆக, ஆளுக்குக் கை நனையாதே தவிர, மின்னஞ்சல் எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறார்.

ஏப்ரல் 4, சனி

விடுமுறை நாள். காலை எட்டு மணிக்கே போனேன். தொட்டி அறைச் சாவி தொட்டியம்மாவிடம் மட்டும்தான் இருக்கிறது, தீனி போட சனிக்கிழமையும் வருவார். நிறத்தை மாற்றிப்போட்டு ஆறு சுற்று பார்க்கவேண்டும், பெரிய தொட்டி வேண்டும் என்றேன். சார் கேட்டால் என்ன சொல்வது என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அவ்வளவுதான் கேட்டார். கதவைத் திறந்துவிட்டார்.

துணிந்தவற்றுக்கு மஞ்சள், பயந்தவற்றுக்கு நீலம். ஆறு சுற்று. இருபத்திரண்டு மீன் போயிற்று. அதில் பதினேழு மஞ்சள். பதினேழும் துணிச்சல்காரர்கள். பல் மருத்துவர்களுக்குப் பேச்சாளர் இதை எப்படிச் சொல்வார்?

கடைசிச் சுற்று முடிந்ததும் அந்த அம்மா வலையைக் கழுவிக்கொண்டே, அன்றைக்கு ஏன் எல்லோரும் சிரித்தார்கள் என்று கேட்டார். மனத்தாங்கலாக இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். தப்பாக ஏதும் சொல்லிவிட்டோமோ என்று ஒரு வாரம் யோசித்தாராம்.

நீங்கள் சொன்னது சரி என்றேன்.

"அது தெரியும் மேடம். சிரிச்சது ஏன்?"

மைப் பெட்டியைப் பூட்டுவது போலக் குனிந்துகொண்டேன்.

ஏப்ரல் 6, திங்கள்

தேதியை மட்டும் எழுதிவிட்டு மூடிவிடலாம் என்று பார்த்தேன். எழுதித்தான் ஆகவேண்டும்.

கூட்டத்தில் பேச்சாளர் கேட்டார்: சனிக்கிழமை அனுமதி இல்லாமல் பெரிய தொட்டியைத் திறந்தது யார்? இருபத்திரண்டு மீன் கணக்கில் குறைகிறது. குரலை உயர்த்தவில்லை. தொட்டியம்மாவைக் கூப்பிட்டு வாசலில் நிற்க வைத்திருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"நான்தான் சார் திறந்தேன்" என்றார் அந்த அம்மா. அதோடு நிறுத்திக்கொண்டார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

பேச்சாளர் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். நான் வாயைத் திறக்க அவர் கொடுத்த இடைவெளி எவ்வளவு இருக்கும்? ஐந்து நொடி. வீடியோவில் ஐந்து நொடி எவ்வளவு நீளம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்.

நான் நோட்டுப் புத்தகத்தில் தேதி எழுதினேன். ஏப்ரல் 6. மறுபடி அதன் மேலேயே ஏப்ரல் 6. மூன்றாவது முறை எழுதும்போது தாள் கிழிந்தது.

தொட்டியம்மா நாளை முதல் வளாகத் துப்புரவுப் பிரிவுக்கு மாற்றப்படுகிறார் என்றார் பேச்சாளர். பன்னிரண்டு தலையும் ஆடின. பன்னிரண்டில் என்னுடையதும் உண்டு. ஆட்டினேனா? ஆட்டியிருப்பேன்.

ஏப்ரல் 7

வாய் இருந்துச்சே எனக்கு. பதினாறு வருஷமா ஒருத்தரை விடாம நக்கல் பண்ணத் தெரிஞ்ச வாய். பேச்சாளர், கணக்குப்புலி, அத்தான் — ஒவ்வொருத்தருக்கும் ஒரு பேர் வெச்சேனே, எனக்கு என்ன பேர் வெக்கறது? அத்தானாவது நாற்காலி நுனியில உக்காந்தாரு. நான் உள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டேன். நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டு.

சீ.

ஏப்ரல் 8

இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கு. நாற்பத்தொன்றாவது சுற்றின் வீடியோவும் சனிக்கிழமை ஆறு சுற்றும் அதோடு. மற்றது நிறுவன இயக்குநருக்கு: நிறத்தைத் தேர்ந்தெடுத்தவள் நான், சுற்றை நீக்கியவள் நான், சனிக்கிழமை தொட்டியைத் திறக்கச் சொன்னவளும் நான், அந்த அம்மா கேட்டதால் திறந்தார்.

அனுப்புமுன் அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அத்தான் அரண்டுபோனார். "பன்னெண்டு பேர் சும்மா இருக்காங்க. உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்றார். நாளைக்கு எவன் வேலை கொடுப்பான் என்று கேட்டார். அவர் பேசப் பேச எனக்குத் தைரியம் வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை.

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "தப்பு நீ பண்ணதா?"

"ஆமா."

"அப்ப நீதானே சொல்லணும்." சொல்லிவிட்டு அடுப்பை அணைக்கப் போனாள்.

அங்கேயே, அவர்கள் வீட்டு மேசையில் வைத்து அனுப்பினேன்.

ஏப்ரல் 10

துப்புரவுப் பிரிவுக்குப் போய்த் தொட்டியம்மாவைப் பார்த்தேன். கண்ணாடிக் கதவு துடைத்துக்கொண்டிருந்தார். கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். திங்கட்கிழமை நான் பேசியிருக்கவேண்டும் என்று சொன்னேன். அதற்கென்று தயாரித்துக்கொண்டு போன வாக்கியங்கள் பாதியில் நின்றன.

திட்டுவார், அல்லது பரவாயில்லை என்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். இரண்டும் இல்லை.

"அன்னைக்கு நீங்க பேசுவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல மேடம்" என்றார்.

துணியைப் பிழிந்துவிட்டு அடுத்த கதவுக்குப் போனார். வடிகட்டியை வாரம் இரண்டு முறை திறந்து கழுவச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மீன் தாங்காது என்று அங்கிருந்து சொன்னார்.

ஏப்ரல் 15

சாப்பாட்டு மேசையில் என்னைச் சுற்றி நான்கு நாற்காலி காலி. நான் டப்பாவைத் திறந்தால் மூவருக்கு அவசர வேலை வந்துவிடுகிறது. நிம்மதியாகச் சாப்பிட முடிகிறது. அவர்கள் பேச்சு அப்படியொன்றும் பசியைத் தூண்டக்கூடியது அல்ல.

ஏப்ரல் 22

பொய் எழுதினேன். நிம்மதி இல்லை.

மே 12

விசாரணை. மூன்று பெரியவர்கள், ஒரு தண்ணீர் ஜாடி. மூன்று வருடம் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் என்று என்னிடம் கேட்டார்கள். அப்போது தெரியவில்லை என்றேன். தெரிந்த பிறகும் மூன்று வாரம் ஏன் என்றார்கள். பயம் என்றேன். அதை எழுதிக்கொண்டார்கள்.

கணக்குப்புலி தனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் இருந்ததாகச் சொன்னாராம். ஆரம்பத்திலிருந்தே! மீன் அவர் துறையே அல்லவே. அடுத்து உள்ளே போன நான்கு பேருக்கும் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் இருந்திருக்கிறது. ஒருவர் திரும்பினார், எல்லோரும் திரும்பினார்கள். இப்போது மதியம் என் மேசையில் இடம் போதவில்லை.

தொட்டியம்மாவையும் கூப்பிட்டார்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, பார்த்தேன் என்றாராம். என்ன முறையில் என்றார்களாம். "தினமும் பாத்தேன் சார்" என்றாராம். இதைச் சொன்னவர் சிரித்துக்கொண்டே சொன்னார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். என்னைப் போலக் குனிந்து பூட்ட ஒரு பெட்டியும் இல்லை அவருக்கு, பாவம், அப்படியே நின்றார்.

மே 19

தொட்டியம்மா திரும்ப வந்துவிட்டார். நியாயத்தால் என்று யாரும் நினைக்கவேண்டாம். அவர் இல்லாத ஆறு வாரத்தில் வடிகட்டியை ஒருவரும் திறக்கவில்லை. நான் இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன், தாள் கோப்பில் ஏறியது. முந்நூறுக்கு மேல் மீன் செத்தது. மாப்பிள்ளை மட்டும் சௌக்கியம்.

ஜூன் 9

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நான்கு வரி அறிவிப்பு. செய்தித்தாள் எதிலும் வரவில்லை.

பேச்சாளருக்குப் புதிய பேச்சு கிடைத்துவிட்டது: தவறை ஒப்புக்கொள்ளும் துணிச்சல். கண் மருத்துவர்கள் சங்கத்தில் அரங்கேற்றம். எழுந்து நின்று கை தட்டினார்களாம். இந்த மனிதரை வேட்டை மீனோடு ஒரு தொட்டியில் விட்டால் வேட்டை மீன் வெளியே வரும்போது சால்வை போர்த்தியிருக்கும்.

என்னை அவர் குழுவிலிருந்து எடுத்து, கீழ்த்தளத்தில் பழைய தொட்டி அறை ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். ஜன்னல் கிடையாது. இரண்டு தொட்டி. உதவிக்கு யார் வேண்டும் என்று இயக்குநர் அலுவலகத்தில் கேட்டார்கள். சொன்னேன். அந்த அம்மா சம்மதிக்க ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார்.

ஜூலை 14

இந்த முறை மை கிடையாது. எந்த நிறமும் வேண்டாம். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வேட்டை மீன் தெரிந்ததும், கூட்டத்திலிருந்து ஒன்றிரண்டு மட்டும் பிரிந்து அதன் மூஞ்சிக்கு நேராகப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகின்றன. எவை போகின்றன, யாரோடு போகின்றன, தினமும் அவையேதானா — இதுதான் கேள்வி. மை இல்லாமல் எதை எதுவென்று எப்படிச் சொல்வது?

எனக்குத் தெரியவில்லை. தொட்டியம்மாவுக்குத் தெரிகிறது. வால் ஓரம் கிழிந்தது, செவுள் பக்கம் ஒரு செதில் இல்லாதது, திரும்பும்போது லேசாகச் சாய்வது. அவர் சொல்லச் சொல்ல ஒரு தாளில் பதினாறு மீனையும் வரைந்துகொண்டேன். இரண்டு வாரமாக அதை வைத்துத்தான் பழகுகிறேன்.

இன்று முதல் தடவையாக நான் சொல்ல, அவர் சரிபார்த்தார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஸ்டூல். கூட்டத்திலிருந்து இரண்டு மீன் பிரிந்தன. மெதுவாகப் போயின, நின்றன, இன்னும் கொஞ்சம் போயின. முன்னால் போவது வால் கிழிந்தது, பின்னால் வருவது சாய்வு என்றேன். பதினாறு வருட அனுபவம் உள்ளவள் பேசுகிற குரலில்தான் சொன்னேன்.

"தப்பு மேடம்" என்றார் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "சரியா பாருங்க."

குனிந்து பார்த்தேன்.